காற்றுக்கு எதிரே இருவர்

ஹவுராவில் சாக்குக் கட்டி ரயிலேற்றப்படும் மோட்டார் சைக்கிள்கள் கால்காவில் இறங்கி லடாக்கின் கணவாய்களை நோக்கி ஏறுகின்றன. அந்த உயரத்தில் கூட வரும் நண்பர் வெறும் பேச்சுத் துணை அல்ல.

ஹவுரா ரயில் நிலையத்தின் பார்சல் அலுவலகத்துக்கு வந்து சேரும்வரை அது மோட்டார் சைக்கிள். சிறிது நேரம் கழித்து அது ஒரு மூட்டை. முதலில் டேங்கில் உள்ள பெட்ரோலைச் சொட்டு விடாமல் வடித்துவிட வேண்டும். ரயில்வேயின் கண்டிப்பான விதி அது. பக்கவாட்டுக் கண்ணாடிகள் கழற்றப்பட்டு உரிமையாளரின் தோள்பைக்குள் போகின்றன. ஹெட்லைட்டையும் டேங்கையும் சுற்றி அட்டையும் வைக்கோலும் வைத்து, மேலே சாக்குப் போட்டு, சணல் கயிற்றால் இறுக்குகிறார்கள் கட்டுக்காரர்கள். ஹூக்ளி நதிக்கரையெங்கும் சணல் ஆலைகள் எழுந்த ஊரில் சாக்குக்கும் கயிற்றுக்கும் என்ன பஞ்சம்? பதிவுச் சான்றின் நகலும் அடையாள அட்டையின் நகலும் கவுன்டருக்குள் போகின்றன. கடைசியில், மூட்டையின் மேல் பெரிய எழுத்தில் ஊர்ப் பெயர்கள்: ஹவுரா – கால்கா.

இமாலயச் சாலைகள் திறந்திருக்கும் கோடை மாதங்களில் வங்காளிகளின் மோட்டார் சைக்கிள் யாத்திரை இப்படித்தான் பெரும்பாலும் தொடங்குகிறது: பெட்ரோல் இல்லாமல், ஓட்டுபவர் இல்லாமல், ரயிலில். வீர சாகசத்துக்குப் பொருத்தமில்லாத தொடக்கம் என்று தோன்றலாம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் நியாயம் புரியும். ஹவுராவிலிருந்து மணாலிக்குச் சாலை வழியே ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர். ஷேர்ஷா காலத்துப் பெருமை பேசும் கிராண்ட் டிரங்க் சாலை ஹவுரா வழியாகத்தான் போகிறது என்பது உண்மை. ஆனால் பீகார், உத்தரப் பிரதேசச் சமவெளிகளின் வெயிலில் லாரிகளுக்கு நடுவே நான்கு நாள் ஓட்டினால், மலை கண்ணில் படுவதற்குள் விடுமுறையில் பாதி தீர்ந்துவிடும். இரண்டு வார விடுப்பைக் கையில் வைத்திருக்கும் வங்கி ஊழியருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் அது கட்டுப்படியாகாது.

எனவே ரயில். ஹவுராவிலிருந்து கால்காவுக்கு 1,700 கிலோமீட்டர் சொச்சம்; இரண்டு இரவுகளும் ஒரு பகலும். 1866ல் டெல்லி வரை தொடங்கி, பிறகு கால்கா வரை நீண்ட வழித்தடம் இது. ஆங்கிலேய அதிகாரிகள் கோடையில் சிம்லாவுக்குக் குடிபெயர்ந்த பழைய கால்கா மெயிலுக்கு 2021ல் நேதாஜி எக்ஸ்பிரஸ் என்று பெயர் மாறியது. வீட்டுக் காவலிலிருந்து தப்பிய சுபாஷ் சந்திர போஸ் 1941 ஜனவரியில் கோமோ நிலையத்தில் இந்த ரயிலில்தான் ஏறினார் என்பது வங்காளிகள் அத்தனை பேருக்கும் மனப்பாடம். பைக் கொண்டுபோகிறவர்களுக்கு இதில் இன்னொரு வசதி: கால்காதான் கடைசி நிலையம். வழியிலுள்ள நிலையங்களைப் போல ஐந்து நிமிடத்தில் மூட்டையை இறக்கவேண்டிய பதற்றமில்லை.

பாதத்தின் கீழ் கடுகு

ஊர் சுற்றுகிறவனைப் பார்த்து, "காலில் சக்கரமா கட்டியிருக்கிறது?" என்று தமிழில் கேட்கிறோம். வங்காளத்தில் அதையே "பாதத்தின் கீழ் கடுகு" என்கிறார்கள். கடுகின் மேல் நிற்பவனால் ஓரிடத்தில் நிலையாக நிற்க முடியுமா? பூஜை விடுமுறை வந்தால் குரங்குக் குல்லாய் சகிதம் குடும்பத்தோடு கிளம்பிவிடும் வங்காளிகளை இந்தியாவின் எல்லா மலைவாசஸ்தலங்களும் அறியும். ஆனால் அதே சமூகத்தில்தான் குல்லாயோடு திருப்தியடையாத ஒரு கூட்டமும் இருந்துவந்திருக்கிறது.

1926 டிசம்பரில் கல்கத்தா டவுன் ஹாலிலிருந்து நான்கு இளைஞர்கள் சைக்கிளில் உலகத்தைச் சுற்றிவரக் கிளம்பினார்கள். நால்வரில் ஒருவரான விமல் முகர்ஜி 1937ல்தான் ஊர் திரும்பினார். 'இரு சக்கரத்தில் உலகம்' என்ற பொருள்படும் அவருடைய வங்காளிப் பயண நூல் இன்றும் விற்கிறது. 1931ல் சிங்கப்பூரிலிருந்து சைக்கிளில் கிளம்பிய ராம்நாத் விஸ்வாஸும் இதே பரம்பரை. இன்று பைக்கில் சாக்குக் கட்டுகிறவர்கள் இவர்களுடைய வாரிசுகள் என்று சொன்னால் தவறாகாது.

விமல் முகர்ஜியின் கதையில் பலர் கவனிக்காத பாடம் ஒன்று உண்டு. கிளம்பியவர்கள் நால்வர், உலகத்தைச் சுற்றி முடித்தவர் ஒருவர். துணைக்கு வந்த மூவரும் வழியில் பிரிந்தார்கள். நெடும் பயணத்தில் முதலில் தேய்வது டயர் அல்ல, நட்பு. பணம், பசி, வேகம், எங்கே தங்குவது, எப்போது எழுவது என்று தேய்மானத்துக்கான காரணங்கள் மிகச் சாதாரணமானவை. ஐரோப்பிய நகரத்தில் என்றால் கைகுலுக்கிப் பிரிந்துவிடலாம். 15,000 அடி உயரத்தில், அடுத்த கிராமம் எங்கே என்று தெரியாத பாலையில், பிரிவது அத்தனை எளிதல்ல.

திருவொற்றியூரிலிருந்து ஒரு துணை

இந்தப் பயணத்தில் மூன்றாவது பாத்திரம் ஒன்று உண்டு. அது தமிழ்நாட்டைச் சேர்ந்தது. லடாக் சாலையில் 'தட் தட்' என்ற சத்தத்துடன் ஏறும் வண்டிகளில் கணிசமானவை ராயல் என்ஃபீல்டு. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்த புல்லட்டை, எல்லைப் பாதைகளில் ரோந்து செல்லத் தோதான வண்டி என்று இந்திய ராணுவம் 1950களில் தேர்ந்தெடுத்தது. 1955ல் உருவான என்ஃபீல்டு இந்தியா, சென்னையை அடுத்த திருவொற்றியூரில் உற்பத்தியைத் தொடங்கியது. 1970ல் இங்கிலாந்துக் கம்பெனி மூச்சை விட்டது. திருவொற்றியூர்ப் பிள்ளை பிழைத்துக்கொண்டது. 1994ல் ஐஷர் குழுமத்துடன் இணைந்தது. 2016ல் 'ஹிமாலயன்' என்ற பெயரிலேயே ஒரு மாடல் வந்தது. சென்னைப் பக்கம் தயாராகும் வண்டிக்கு இமயமலையின் பெயர்!

புறப்படும் முன் வண்டியை மலைக்குத் தயார் செய்ய ஹவுராவை விட்டால் வேறு ஊர் வேண்டியதில்லை. பெலிலியஸ் ரோடு பக்கத்துச் சந்துகளில் லேத்தும் வெல்டிங்குமாக நெருக்கியடித்து நிற்கும் பட்டறைகளால் 'கிழக்கின் ஷெஃபீல்டு' என்று பெயர் பெற்ற ஊர் இது. சாமான் கட்டும் இரும்புச் சட்டம், பெட்ரோல் கேன் வைக்கும் தாங்கி எல்லாம் அளவெடுத்துச் செய்துகொள்ளலாம். உதிரியாக ஒரு கிளட்ச் வயர், ஆக்ஸிலரேட்டர் வயர், ஸ்பார்க் பிளக், டியூப், செயின் லிங்க். இவை பைக்கின் முதலுதவிப் பெட்டி.

ஆனால் எந்தப் பட்டறையாலும் சரிசெய்ய முடியாத ஒரு குறை மேலே காத்திருக்கிறது: காற்றின் அடர்த்தி. லே செல்லும் வழியிலுள்ள தங்லங் லா – 'லா' என்றால் லடாக்கி மொழியில் கணவாய் – சுமார் 5,300 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிக்குச் சற்றே மேல். கார்புரேட்டர் வைத்த பழைய வண்டியில் பெட்ரோல் வழக்கம் போல வரும். அதை எரிக்கும் ஆக்சிஜன் வராது. கரும்புகை கக்கும், பிளக் கரி பிடிக்கும், முதல் கியரில்கூடத் திணறும். மின்னணு முறையில் எரிபொருள் செலுத்தும் புதிய வண்டிகள் கலவையைச் சரிசெய்துகொள்கின்றன. ஆனால் இல்லாத ஆக்சிஜனை அவற்றாலும் உண்டாக்க முடியாது. இழுவை குறையத்தான் செய்யும். ஒரே வண்டியில் இருவர் போனால், செங்குத்தான வளைவில் பின்னால் இருப்பவர் இறங்கி நடக்க வேண்டியதுதான். நூறு அடி நடப்பதற்குள் அவருக்கும் அதே கோளாறு: மூச்சு வாங்குகிறது.

சுரங்கம் தந்த அவசரம்

மணாலியிலிருந்து லே, ரோதங் வழியே போனால், சுமார் 475 கிலோமீட்டர். ரோதங் கணவாயின் சேற்றிலும் போக்குவரத்து நெரிசலிலும் அரை நாள் கழிந்த காலம் ஒன்று இருந்தது. அன்றெல்லாம் கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ இரவு தங்கிவிட்டு மறுநாள் மேலே போவது வழக்கம். 2020 அக்டோபரில் 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறந்ததும் அந்தத் தடை நீங்கியது. லாஹுல் பள்ளத்தாக்கு மக்களுக்கு அது பெரும் வரப்பிரசாதம். பனிக்காலத்தில் நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஹெலிகாப்டருக்குக் காத்திருந்த கிராமங்கள் அவை.

பைக்கில் வருபவர்களுக்கு அது வேறு மாதிரியான வசதி. காலையில் மணாலியில் டீ குடித்துவிட்டுக் கிளம்பினால் பாரலாச்சா லாவைத் தாண்டி மாலையில் சர்ச்சூவின் கூடாரங்களை எட்டிவிடலாம். மணாலி சுமார் 2,050 மீட்டர் உயரம். சர்ச்சூ சுமார் 4,290. ஒரே பகலில் 2,200 மீட்டருக்கும் அதிகமான ஏற்றம். மூன்று நாள் முன்பு கடல் மட்டத்தை ஒட்டிய ஹவுராவில் மண் குவளையில் டீ குடித்த உடம்பு, இந்த அவசரத்தை ஏற்குமா? பல உடம்புகள் ஏற்பதில்லை. சர்ச்சூ கூடாரங்களில் இரவு முழுவதும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களின் கதைகள் இந்தச் சாலையில் ஏராளம்.

சர்ச்சூவுக்கு அப்பால் கடா வளைவுகள். ஒன்றன்மேல் ஒன்றாக 21 கொண்டை ஊசி வளைவுகள். பிறகு நாகி லா, லாச்சுங் லா. அதன் பிறகு திடீரென்று மலைகள் விலகி, சுமார் 40 கிலோமீட்டருக்கு மேஜை போலத் தட்டையான மோரே சமவெளி விரிகிறது. உயரம் ஏறக்குறைய 4,700 மீட்டர். மரம் இல்லை, மறைப்பு இல்லை. சாங்பா நாடோடிகளின் ஆட்டு மந்தைகளும் அவர்களது கூடாரங்களும் கண்ணில் பட்டால் உண்டு. இங்கேதான் காற்று தன் வேலையைத் தொடங்குகிறது.

கடிகாரம் பார்க்கும் காற்று

லடாக்கின் காற்றுக்கு நேர ஒழுங்கு உண்டு. ஆண்டுக்குச் சுமார் 100 மில்லிமீட்டரே மழை பெறும் குளிர் பாலைவனம் இது. மேகமில்லாத வானத்திலிருந்து விழும் வெயில் மொட்டைப் பாறைகளையும் மணலையும் சீக்கிரம் சூடாக்குகிறது. சூடான காற்று மேலெழும்ப, அந்த வெற்றிடத்தை நிரப்பப் பள்ளத்தாக்கின் வழியே காற்று விரைந்தேறி வருகிறது. முற்பகலில் தொடங்கி, பிற்பகலில் உச்சமடைந்து, சூரியன் இறங்கியதும் அடங்குகிறது. காலையில் கண்ணாடி போலிருந்த ஏரி மூன்று மணிக்கு அலையடித்துக்கொண்டிருக்கும்.

எதிர்க்காற்று வேகத்தைக் குறைக்கும், பெட்ரோலைத் தின்னும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆபத்து பக்கக் காற்றில். இடப்பக்கமிருந்து தள்ளும் காற்றுக்கு ஈடுகொடுக்க ஓட்டுபவர் இடப்பக்கமே சாய்ந்து ஓட்டுகிறார். எதிரே ஒரு ராணுவ லாரி வருகிறது. ஒரு நொடி காற்று மறைகிறது, அல்லது சுழல்கிறது. சாய்வு மட்டும் மிச்சம். வண்டி தடுமாறுகிறது. லாரி கடந்ததும் காற்று மறுபடி அறைகிறது. கைப்பிடியை இறுகப் பிடித்தால் ஒவ்வொரு அறையும் முன்சக்கரத்துக்குப் போய்ச் சேரும். முழங்கால்களால் டேங்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு கைகளைத் தளர்வாக வைப்பதே அனுபவசாலிகளின் வழி. சாமானை உயரமாக அடுக்கினால் அது பாய்மரம். கனமான பொருட்கள் தாழ்வாக, இருபுறமும் சமமாகத் தொங்க வேண்டும்.

பிற்பகலுக்கு இன்னொரு எதிரியும் உண்டு. காலையில் கணுக்கால் அளவு ஓடும் பனியுருகு ஓடைகள், வெயில் ஏற ஏற முழங்கால் அளவுக்கு வளர்ந்துவிடுகின்றன. காற்று, தண்ணீர் இரண்டும் சொல்லும் புத்திமதி ஒன்றுதான்: விடியலில் கிளம்பு, மதியத்துக்குள் தங்குமிடம் சேர். சோம்பேறி நண்பன் ஒருவன் ஒரு மணி நேரம் தாமதப்படுத்தினால் அதன் விலையை மாலையில் இருவரும் கொடுக்கிறார்கள்.

இருவர் இரு வண்டிகளில் போகும்போது ஓர் எளிய விதி கடைப்பிடிக்கப்படுகிறது. முன்னால் போகிறவரின் கண்ணாடியில் பின்னால் வருபவர் தெரிய வேண்டும். தெரியவில்லையா, நில். சிறிது நேரத்தில் வரவில்லையா, திரும்பு. கைபேசி அலை நெடுந்தொலைவுக்குக் கிடைக்காத இந்தச் சாலையில் உள்ளங்கை அகலக் கண்ணாடிதான் இருவருக்கும் இடையிலான தகவல் தொடர்பு. கேலாங்குக்குச் சற்று முன் உள்ள தாண்டி பெட்ரோல் பங்க்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று எச்சரிக்கும் பலகை நெடுங்காலமாகப் பிரசித்தம். பெட்ரோலுக்குச் சொல்லப்பட்ட அந்த எச்சரிக்கை உதவிக்கும் பொருந்தும்.

நண்பனின் கண்

காற்று வெளியே செய்வதை, காற்றின் பற்றாக்குறை உள்ளே செய்கிறது. மலை நோயின் தொடக்க அடையாளங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை: தலைவலி, குமட்டல், பசியின்மை, களைப்பு, தலைசுற்றல். இவற்றோடு நின்றால் ஓய்வில் சரியாகிவிடும். மேலும் முற்றினால் இரண்டு திசைகளில் போகும். நுரையீரலில் நீர் கோத்து, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறும். அல்லது மூளை வீங்கி, நடை தள்ளாடும், பேச்சு குழறும், புத்தி மங்கும். இரண்டுமே சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடியவை. இரண்டுக்கும் முதல் வைத்தியம் ஒன்றே: உடனே கீழே இறங்குவது.

இந்த நோயைப் பற்றி உலகம் அறிந்ததில் கணிசமான பகுதி இந்திய ராணுவ மருத்துவர்கள் கண்டு சொன்னது. 1962 சீனப் போரின்போது சமவெளியிலிருந்து அவசரமாக மலைக்கு ஏற்றப்பட்ட ஜவான்கள் குண்டு படாமலே வீழ்ந்தார்கள். இந்தர் சிங்கும் அவரது சக மருத்துவர்களும் 1,925 சிப்பாய்களை ஆராய்ந்து 1969ல் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் அடிப்படை ஆவணங்களில் ஒன்று. ராணுவம் அந்தப் பாடத்தை மறக்கவில்லை. 9,000 அடியிலிருந்து 12,000 அடி வரை பழக 6 நாள். அங்கிருந்து 15,000 அடி வரை 4 நாள். அதற்கு மேல் இன்னும் 4 நாள். ஆகமொத்தம் 14 நாள். ஹவுராவிலிருந்து கிளம்பிய இருவரின் மொத்த விடுமுறையும் அவ்வளவுதான்!

பயணிகள் ராணுவக் கணக்கைப் பின்பற்ற முடியாது. கணவாயில் ஏறி உடனே இறங்கிவிடுகிறவருக்கு அது முழுதும் தேவையும் இல்லை. முக்கியம், இரவு எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்பது. 3,000 மீட்டருக்கு மேலே தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்க வேண்டும் என்பது மலை மருத்துவர்களின் பொது அறிவுரை. 3,500 மீட்டர் உயர லேக்கு விமானத்தில் வருபவர்கள் இரண்டு நாளாவது அசையாமல் இருக்கச் சொல்லப்படுகிறார்கள். மாத்திரையும் உண்டு, மருத்துவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். மாத்திரை ஏறுவதற்கான அனுமதிச் சீட்டு அல்ல.

இந்த நோயின் குரூரம் வேறொரு இடத்தில் இருக்கிறது. மூளை பாதிக்கப்பட்டவருக்குத் தன் மூளை பாதிக்கப்பட்டிருப்பது தெரியாது. "எனக்கு ஒன்றுமில்லை, வா போகலாம்" என்று அவர்தான் முதலில் சொல்வார். எரிந்து விழுவார், அல்லது பேசாமல் ஒதுங்கிக்கொள்வார். கையுறையைப் போட்டுக்கொள்ளத் தெரியாமல் திண்டாடுவார். இதை உணரக்கூடிய கருவி ஒன்றே ஒன்றுதான்: அவரைப் பல ஆண்டுகளாக அறிந்த இன்னொருவரின் கண். வழக்கமாகக் கலகலப்பாக இருப்பவன் ஏன் இன்று மௌனமாக இருக்கிறான்? நேற்று மூன்று சப்பாத்தி சாப்பிட்டவன் ஏன் தட்டைத் தள்ளுகிறான்? முன்பின் தெரியாத வழிகாட்டியால் இந்தக் கேள்விகளைக் கேட்க முடியாது. சந்தேகம் வந்தால் ஓர் எளிய சோதனை: ஒரு பாதத்தின் குதிகாலை மறு பாதத்தின் விரல் நுனியோடு ஒட்டி ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் விவாதத்துக்கு இடமில்லை. இருட்டாக இருந்தாலும், குளிராக இருந்தாலும், வண்டியை அங்கேயே விட்டுவிட்டுக் கிடைத்த லாரியில் கீழே இறக்க வேண்டும்.

2024ல் வட இந்திய நகரம் ஒன்றிலிருந்து தனியாக மோட்டார் சைக்கிளில் லே சென்ற இளைஞர் ஒருவர் அங்கே ஆக்சிஜன் பற்றாக்குறையால் மரணமடைந்தார். தலை வலிக்கிறது என்று வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்தார். தொலைபேசியில் தலைவலியைச் சொல்லலாம். மறுமுனையில் இருப்பவரால் நடையைப் பார்க்க முடியாது.

வல்லமை மிக்கவளும் ஆஸ்துமாக்காரரும்

உலகத்தின் மிகப் பிரபலமான மோட்டார் சைக்கிள் பயணமும் இரு நண்பர்களுடையதுதான். 1952ன் தொடக்கத்தில் அர்ஜென்டினாவைச் சேர்ந்த மருத்துவ மாணவர் எர்னஸ்டோ குவேராவும் உயிர்வேதியியல் படித்த ஆல்பெர்டோ கிரனாடோவும் ஒரே நார்ட்டன் வண்டியில் கிளம்பினார்கள். காற்றுக்குப் பேர்போன படகோனியாவின் வடபகுதி வழியே சிலிக்குள் நுழைந்தார்கள். வண்டிக்கு அவர்கள் வைத்த பெயர் 'வல்லமை மிக்கவள்'. பின்னாளில் சே என்று உலகம் அறிந்த குவேரா சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா நோயாளி. மூச்சுக்குப் போராடும் ஒருவர், அவரைக் கவனிக்க ஒருவர். வல்லமை மிக்கவள் சிலியிலேயே உயிரை விட்டாள். நண்பர்கள் லாரியிலும் படகிலும் நடந்துமாக வெனிசுலா வரை போனார்கள். பயணத்துக்குத் தேவைப்பட்டது வண்டி அல்ல என்பது அப்போது தெரிந்தது.

லடாக் சாலையில் இருவரை விடவும் கடினமான பயணம் செய்கிறவர்கள் உண்டு. அவர்களிடம் ஹெல்மெட்டும் இல்லை, கேமராவும் இல்லை. எல்லைச் சாலை நிறுவனத்துக்காகக் கல் உடைத்துத் தார் ஊற்றும் தொழிலாளர்களில் பெரும் பகுதியினர் ஜார்க்கண்டின் தும்கா வட்டாரத்துச் சந்தால் பழங்குடியினர். 2020 ஜூனில், கொரோனா ஊரடங்குக்குப் பிறகு, 1,600க்கும் மேற்பட்டவர்களைத் தும்காவிலிருந்து தனி ரயிலே ஏற்றிச் சென்றது. ஹவுராவிலிருந்து கிளம்புகிறவர்களைப் போல இவர்களும் சமவெளிவாசிகள்தான். ஆனால் பயணி அரை மணி நேரம் புகைப்படம் எடுத்துவிட்டு இறங்கும் உயரத்தில், அதே காற்றில், மாதக்கணக்கில் வேலை செய்கிறார்கள். வழியில் பஞ்சராகி நிற்கும் பைக்குக்கு முதலில் ஓடி வருகிறவர்களும் சில சமயம் இவர்களே.

பாதை லேயோடு முடிவதில்லை. தென்கிழக்கே, எல்லைக்கு அருகே, உரிய அனுமதி பெற்று ஹான்லே வரை போகிறவர்கள் அதிகரித்து வருகிறார்கள். அங்கே சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் மலைமுகட்டில் நிற்கிறது 2 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி. 2000ல் முதல் ஒளியைக் கண்ட அதற்கு, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாக 'இமாலய சந்திரா' என்று பெயர். அதை இயக்குகிறவர்கள் உட்கார்ந்திருப்பது பெங்களூரை அடுத்த ஹொசகோட்டையில். செயற்கைக்கோள் வழியே கட்டளை போகிறது. நட்சத்திரத்தின் படம் வருகிறது. வானத்தைப் பார்க்க மெல்லிய காற்று நல்லது, வானியலாளர் சுவாசிக்க நல்லதல்ல என்பது விஞ்ஞானிகள் கண்ட சமரசம். பைக்காரர்களுக்கு அந்தச் சமரசம் கிடையாது. அவர்கள் உடம்பைக் கூடவே எடுத்துப்போக வேண்டும்.

கிளம்பும் முன் ஓர் ஒப்பந்தம்

அதனால் பைக்கில் சாக்குக் கட்டுவதற்கு முன்பே இருவரும் சில விஷயங்களைப் பேசி முடித்துவிடுவது நல்லது. பணத்தை ஒரே பையில் போட்டுச் செலவிடலாம்; கணக்குச் சண்டை குறையும். மெதுவாக ஓட்டுகிறவர் முன்னால் போகட்டும். பயணத்தின் வேகம் அவருடையதே. விடுமுறையின் கடைசி இரண்டு நாளை எந்தத் திட்டத்துக்கும் ஒதுக்கக் கூடாது. அவை மலை கேட்கும் நாட்கள். எல்லாவற்றிலும் முக்கியமானது, "திரும்பலாம்" என்ற சொல்லைப் பற்றிய உடன்பாடு. இருவரில் எவர் சொன்னாலும், எந்த இடத்தில் சொன்னாலும், மற்றவர் காரணம் கேட்கக் கூடாது. ஏறுவதற்கு இருவர் சம்மதமும் வேண்டும். இறங்குவதற்கு ஒருவர் போதும்.

சொல்ல எளிது. ஓராண்டு சேமித்த பணம், கெஞ்சி வாங்கிய விடுப்பு, கண்ணெதிரே நிற்கும் கணவாய், ஊரில் படத்துக்காகக் காத்திருக்கும் நண்பர்கள் – இத்தனையும் எதிர்ப்பக்கம் நிற்கும். கூடாரத்துக்கு வெளியே காற்று அடங்கிய பின்னிரவில், தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் சரியாகிவிட்டதாகச் சாதிப்பார். இன்னும் நூறு கிலோமீட்டர்தான் என்று கெஞ்சுவார். கோபத்தில் பழைய கணக்கையெல்லாம் எடுத்துப் பேசுவார். மறுநாள் காலை இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கீழே இறங்குவார்கள். ஜிஸ்பாவில் ஆற்றங்கரையில் ஓர் இரவு நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு, தலைவலி போன இடம் தெரியாமல் போன பிறகு, முதல் ஆள் டீக்கடையில் இரண்டு டீ சொல்லிவிட்டுக் கேட்பார்: "நேற்று நான் என்னவெல்லாம் பேசினேன்?"

பெரும்பாலும் அவருக்கு நினைவிருக்காது. நண்பர் சொல்லவும் மாட்டார்.